கிராண்ட் கேன்யன் ‘டிரெயில் ஆஃப் டைம்’: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென் விளிம்பில், தேசியப் பூங்காவுக்குள் 2010-இல் திறக்கப்பட்ட ‘டிரெயில் ஆஃப் டைம்’ என்னும் நடைபாதைக் காட்சி, யவபாய் நிலவியல் அருங்காட்சியகத்தின் அருகே தொடங்குகிறது. அங்கே இன்றிலிருந்து தொடங்கி, நடக்கிற ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து லட்சம் ஆண்டு பின்னோக்கிப் போகிறோம் என்பது இதன் கணக்கு. தரையில் மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி பதித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் பாறைகளைப் பெரிய துண்டுகளாக, அவற்றின் வயதுக்குரிய இடத்தில், தொட்டுப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

பாறைகளோடு ஒப்பிட்டால் இந்த ஆறு எவ்வளவு இளையது என்பதை நடக்கிறவருக்கு உணர்த்திவிடுவதே இதன் பெரிய வெற்றி. கொலராடோ இன்றைய வழியில் பள்ளத்தாக்கு முழுவதும் ஓடத் தொடங்கி ஐம்பது, அறுபது லட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்பதால், அதன் கதை ஆறாவது குறியோடு முடிந்துவிடுகிறது. விளிம்பின் மேற்பரப்பாக உள்ள கெய்பாப் சுண்ணாம்புக்கல்லை எட்ட 270-ஆவது குறி வரையும், மிகப் பழைய நைஸ் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய) பாறையை எட்ட 1,840-ஆவது குறி வரையும் நடந்தாக வேண்டும். ஆறாவது குறிக்கும் 270-ஆவது குறிக்கும் இடைப்பட்ட காலத்துக்கு இந்த விளிம்பில் பாறைச் சான்று ஏறக்குறைய இல்லை. கெய்பாப்பின் மேல் படிந்திருந்த அடுக்குகள் எல்லாம் அரிக்கப்பட்டுப் போய்விட்டன. அந்த வெற்று நீளத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது.

ஆனால் நேர்கோடு வயதைத்தான் காட்டும், விசையைக் காட்டாது. கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் இன்று ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் கொலராடோ பீடபூமியின் எழுச்சி. கலிபோர்னியா வளைகுடா திறந்து ஆற்றுக்குத் தாழ்ந்த கழிமுகம் வாய்த்தபின் அது வேகமாக ஆழம் தோண்டியது. இவற்றை வெண்கலக் குறிகளை எண்ணிப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், அருங்காட்சியகத்தில் பள்ளத்தாக்கின் மேடுபள்ளங்களைக் காட்டும் புடைப்பு மாதிரியை முதலில் பார்த்துவிட்டு நடப்பதே நல்லது. அங்குள்ள அகன்ற சன்னல்களின் வழியே நோக்கினால், கெட்டியான சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் செங்குத்துச் சுவர்களாக நிற்பதும், மென்மையான களிப்பாறை சரிவுகளாகக் கரைந்திருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. சில இடங்களில் 29 கிலோமீட்டரை எட்டும் அகலம் ஆற்றின் கைவேலையன்று. கிளை ஓடைகளும், பாறைச் சரிவுகளும், விரிசல்களில் உறையும் பனிநீரும் செய்தது.

மறுமுனையிலிருந்து பழமை தொட்டு இன்றை நோக்கியும் நடக்கலாம். ஆனால் ஆற்றை அறிய வருபவர்களுக்கு யவபாய் முனையையே பரிந்துரைப்பேன். பாதை தளம் பாவப்பட்டது, பெரும்பாலும் சமமானது. உயரம் காரணமாகச் சிலருக்கு மூச்சு வாங்கலாம்.