ஐஸ்லாந்துக்குத் திட்டம் போட்டுத் தந்த ராமநாதபுரத்து நிறுவனம்: ஒரு மதிப்புரை

வளைகுடா வேலைக்கான விமானச் சீட்டு, உம்ரா, மலேசியா, இலங்கை என்று பழக்கப்பட்ட பயணங்களையே பெரும்பாலும் ஏற்பாடு செய்து தரும் எங்கள் கடற்கரைப் பகுதியில், ஐஸ்லாந்துக்குச் சுற்றுலாத் திட்டம் வகுத்துத் தரவும் ஆள் இருக்கிறார் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது. மண்டபத்திலிருந்து நானும் மனைவியும் மகனும் சென்ற செப்டம்பரில் அந்நாட்டின் தெற்குக் கரையைப் பார்த்து வந்தது, ராமநாதபுரத்தில் இயங்கும் ஒரு சிறிய பயண நிறுவனம் வரைந்து கொடுத்த திட்டத்தின்படிதான். இந்த மதிப்புரை விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை; இத்தகைய சேவையில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

அவர்கள் தருவது வழிகாட்டியுடன் கூட்டமாக அழைத்துச் செல்லும் பயணம் அன்று. நாமே வாடகைக் கார் ஓட்டிச் செல்வதற்கான பாதை, தங்குமிட முன்பதிவு, விசா ஆவணங்களைச் சரிபார்த்தல், பயண நாட்களில் வாட்ஸ்அப் வழியாக ஆலோசனை ஆகியவை அதில் அடங்கும். முதல் சந்திப்பிலேயே அந்த நிறுவனத்தை நடத்துபவர், "நாட்டைச் சுற்றி வர வேண்டுமா, ஒரு பக்கத்தை நின்று பார்க்க வேண்டுமா, அதை முதலில் முடிவு செய்யுங்கள் சார்" என்று கேட்டார். நாட்டைச் சுற்றி வரும் 1ஆம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,320 கி.மீ. நீளமுடையது என்பதையும், வரைபடத்தில் சிறியதாகத் தெரியும் அந்தத் தீவு தமிழ்நாட்டின் பரப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இருக்கும் என்பதையும் அவர் விளக்கிய பிறகு, தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வரை, அதாவது சுமார் 370 கி.மீ. தூரம், மெதுவாகப் போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று.

காலத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் அவருடைய அக்கறை தெரிந்தது. ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 21 மணி நேரம் பகல் இருப்பதால் ஊர் பார்க்க வசதி, ஆனால் வடதுருவ ஒளியைக் காண இருட்டே இராது. டிசம்பரில் இரவு நீளம், ஆனால் பகல் நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், சாலையும் உறைந்திருக்கும். செப்டம்பரில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால் இரண்டுக்கும் இடமுண்டு. பஃபின் பறவைகள் ஆகஸ்டு முடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும், அவற்றைப் பார்க்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டியிருக்கும் என்று பணம் வாங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்வது அரிது, அதை நான் மதிக்கிறேன்.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி காற்றைப் பற்றிய பகுதிதான். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நம் கரையில் படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்பது போலவே, ஐஸ்லாந்து வானிலை நிலையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வெளியிடும் எச்சரிக்கைகளைப் பார்த்துத்தான் அங்கே கார் புறப்பட வேண்டும் என்று அவர் அழுத்திச் சொன்னார். அங்கே காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கொடுப்பதால், 20 என்ற எண்ணைப் பார்த்துச் சாதாரணக் காற்று என்று நினைத்துவிடாமல், அது மணிக்கு 72 கி.மீ. என்று கணக்கிட்டுக் காட்டும் சிறிய அட்டவணையைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே வைத்திருந்தார். பலத்த காற்றில் கார்க் கதவைத் திறக்கும்போது ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் கதவு மடங்கி உடையக்கூடும் என்பதும், அந்தச் சேதத்தைச் சாதாரண வாடகைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதும், தெற்குக் கரையில் மணலும் எரிமலைச் சாம்பலும் பறந்து வண்டியின் வண்ணத்தை உரித்துவிடும் என்பதால் அதற்குத் தனிக் காப்பீடு உண்டு என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தன. வீக் என்ற ஊரில் தங்கியிருந்தபோது ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. இந்திய நேரம் ஐஸ்லாந்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நாங்கள் காலை 7 மணிக்கு எழும்போது ராமநாதபுரத்தில் பகல் 12.30 ஆகியிருந்தது, சாலை நிலவரத்தைப் பார்த்து, இன்று நகர வேண்டாம் என்று அவர் அனுப்பிய செய்தி எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. திட்டத்தில் எந்த இடமும் குறிக்கப்படாத ஒரு நாளை அவர் ஏன் விட்டுவைத்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

கடலைப் பற்றிய எச்சரிக்கையும் அதே அளவு கவனத்துடன் இருந்தது. பெண்கடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாவையும் ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடாவையும் பார்த்தே வளர்ந்த நமக்கு, கடற்கரையில் இறங்கி நிற்பதற்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்ற எண்ணம் இயல்பாகவே உண்டு. ஆனால் வீக்குக்கு அருகிலுள்ள ரெய்னிஸ்ஃப்யாராவின் கருமணல் கரையில், சிறிது நேரம் அடங்கியிருக்கும் அட்லாண்டிக் கடல் திடீரென்று நெடுந்தூரம் ஏறிவந்து நிற்பவரை இழுத்துச் சென்றுவிடும். அங்கே பலர் இறந்திருக்கிறார்கள். அபாயத்தின் அளவுக்கேற்ப நிறம் மாறும் விளக்குப் பலகையை வாசலிலேயே பார்த்துவிட்டு உள்ளே செல்லுமாறும், கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாதென்றும் திட்டத்தில் தடித்த எழுத்தில் இருந்தது.

மனைவிக்கு மூட்டுவலி இருப்பதைக் கேட்டு, ஸ்கோகாஃபோஸ் அருவியின் உச்சிக்குப் போக 500க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், ஆனால் அடிவாரம் வரை சமதரையில் நடந்துவிடலாம் என்று குறித்துக் கொடுத்திருந்தார். கி.பி. 930 முதல் ஐஸ்லாந்து மக்களின் பேரவை கூடிய திங்வெல்லிர் பள்ளத்தாக்குக்கு முழுக் காலைப் பொழுதையும் ஒதுக்கியது எனக்கு மிகவும் நிறைவளித்தது. வட அமெரிக்க, யுரேசிய நிலத்தட்டுகள் விலகிச் செல்லும் பிளவில் நடந்துகொண்டே அந்நாட்டு வரலாற்றையும் படிக்கக் கிடைத்தது வேறெங்கும் வாய்க்காது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீரைப் பீய்ச்சியடிக்கும் ஸ்ட்ரோக்கூர் ஊற்றும் குல்ஃபோஸ் அருவியும் அதே வழியில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பர் முதல் கிரிண்டவிக் பகுதியில் எரிமலை அடுத்தடுத்து வெடித்து வந்ததால், அருகிலுள்ள புளூ லகூன் வெந்நீர்க் குளத்தைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டுமே பதிவு செய்தார்.

விசா வேலை ஒழுங்காக நடந்தது. ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் சென்று வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுள் ஒன்று. நாங்கள் கோபன்ஹேகன் வழியாக நுழைந்தாலும், அதிக நாட்கள் தங்குவது ஐஸ்லாந்தில் என்பதால் அந்நாட்டுக்கே விண்ணப்பித்தோம். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். லண்டன் வழியாக மலிவான சீட்டு இருந்தும், அதற்குத் தனி இடைவழி விசா தேவைப்படும் என்று அவர் அதைத் தவிர்த்துவிட்டார்.

குறைகள் இரண்டு, அவை சிறியவை அல்ல. முதலாவது உணவைப் பற்றியது. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதை அவர்கள் சொல்லவே இல்லை. பயணத்துக்கு நெய்யும் பால்கோவாவும் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அரசின் இணையதளத்தை என் மகன் படித்ததால்தான் அவை பெட்டியில் ஏறவில்லை. சாப்பாட்டைப் பற்றிய பக்கத்திலும் ரெய்க்யவிக்கிலுள்ள இந்திய உணவகங்களை மட்டும் எழுதிவிட்டுத் தெற்குக் கரையை விட்டுவிட்டார்கள். ஹலால் உணவு வேண்டுவோருக்கும் சைவருக்கும் அங்கே சமையலறையுள்ள விடுதியே கைகொடுக்கும். நாங்கள் கேட்டு வாங்கியதால் கிடைத்தது; கேட்காதவருக்கும் அவர்களே பரிந்துரைத்திருக்க வேண்டும். இரண்டாவது, ஆளில்லாத பெட்ரோல் நிலையங்களில் நான்கு இலக்க ரகசிய எண் உள்ள அட்டை தேவை என்பதையும், வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைக்க வேண்டும் என்பதையும் கடைசி வாரத்தில்தான் சொன்னார்கள்.

வலப்பக்கச் சாலையில் நம்பிக்கையுடன் கார் ஓட்டக்கூடிய ஒருவராவது குடும்பத்தில் இருந்தால் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஓட்டுநர் இல்லாத குடும்பங்களுக்கு அவர்களிடம் இன்னும் சரியான மாற்று ஏற்பாடு இல்லை. அத்தகையோர் ரெய்க்யவிக்கில் தங்கி அங்கிருந்து புறப்படும் ஒருநாள் பேருந்துச் சுற்றுலாக்களை நேரடியாகப் பதிவு செய்துகொள்வதே நல்லது. செப்டம்பரில் செல்ல நினைப்பவர்கள், விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மார்ச் மாதத்திலேயே அவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. அந்த வேலை அவர்களுடைய கட்டணத்தில் சேராது.