ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸ்: ஓர் இரவுப் பயணத்துக்கு மூன்று வழிகள்

சிறு பாய்மரப் படகில் ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரவில்தான் புறப்படுவார்கள். பஹாமாஸின் ஆழமில்லாத மணல்திட்டுகளில் நீரின் நிறத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், அங்கே போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறியிருக்க வேண்டும். எந்தத் துறையிலிருந்து கிளம்புவது என்பதுதான் கேள்வி.

இங்கே மூன்று வழிகளை எடுத்துக்கொள்வோம். மயாமிக்குத் தெற்கே கேப் ஃப்ளோரிடாவிலிருந்து பிமினி, சுமார் 46 கடல் மைல். கீ லார்கோவின் வடக்கே ஏஞ்சல்ஃபிஷ் கிரீக்கிலிருந்து கன் கே, சுமார் 53. பாம் பீச் அருகே லேக் வொர்த் முகத்துவாரத்திலிருந்து வெஸ்ட் எண்ட், சுமார் 56. வரைபடத்தில் அளந்தால் பிமினிதான் பக்கம். ஆனால் மூன்று வழிகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. சராசரியாக 2.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), வேகமான பகுதியில் 3.5-க்கும் மேல். இதைச் சேர்க்காமல் மைலை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு.

5 நாட் வேகத்தில் போகும் 30 அடிப் படகை எடுத்துக்கொள்வோம். நேர் கிழக்கே போக, அணியத்தை (படகின் முன்முனையை) 30 பாகை தெற்கே சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் கிழக்கு நோக்கிக் கிடைப்பது 4.3 நாட்தான். இந்தக் கணக்கில் பிமினிக்கு ஏறத்தாழ பத்தரை மணி நேரம். வெஸ்ட் எண்டுக்கான பாதை கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே சரிவதால் நீரோட்டம் கொஞ்சம் எதிராகவே நிற்கும். பதின்மூன்றரை மணி நேரம் ஆகும். ஏஞ்சல்ஃபிஷிலிருந்து போகும் பாதையோ வடகிழக்காகச் சாய்கிறது, அதே நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளுகிறது. 7 மைல் கூடுதலாக இருந்தும் அதே பத்தரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம்.

காற்று குறைந்து வேகம் 4 நாட்டுக்கு இறங்கினால் வித்தியாசம் இன்னும் கூர்மையாகும். ஏஞ்சல்ஃபிஷ் வழி பதின்மூன்றரை மணி, பிமினி வழி 14, வெஸ்ட் எண்ட் வழி 19. படகு மெதுவானதென்றால் தெற்கே இறங்கிக் கிளம்புவதே லாபம்.

ஆனால் ஏஞ்சல்ஃபிஷ் எளிய இடமல்ல. அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓடும் குறுகிய கால்வாய் அது. கடல் பக்க வாயில் ஆழம் குறைவு. அடிப்பகுதி 5 அடி இறங்கும் படகு கடல் ஏற்றத்தின்போது, வெளிச்சத்தில்தான் அதைத் தாண்ட வேண்டும். மாலையிலேயே வெளியே வந்து, கடல் அமைதியாக இருந்தால் கரையோர நீர்வழியான ஹாக் சேனலில் நங்கூரமிட்டு ஓய்வெடுத்து, இரவு பதினொன்றரைக்குக் கிளம்பலாம். அதற்கப்பால் பவளத்திட்டு வரிசை இருக்கிறது. அதைத் தாண்டும் இடைவெளியைப் பகலிலேயே கண்ணால் பார்த்து, ஜிபிஎஸ்ஸில் பாதையாகக் குறித்து வையுங்கள். லேக் வொர்த்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆழமான, விளக்கிட்ட கப்பல் வழி. இரவு எட்டு மணிக்கு நேராக வெளியேறலாம்.

எந்த வழியானாலும் வாடைக்காற்று இருந்தால் போகாதீர்கள். வடமேற்கு, வடக்கு, வடகிழக்கு மூன்றும் இதில் அடக்கம். வடக்கே ஓடும் நீரோட்டத்தை எதிர்த்துக் காற்று அடிக்கும்போது அலைகள் நெருங்கி, முகம் செங்குத்தாக நிமிரும். 15 நாட் காற்றிலேயே சிறு படகு ஒவ்வோர் அலையிலும் மோதி நின்றுவிடும். குளிர்காலத்தில் ஒவ்வொரு குளிர்முனைக்கும் (குளிர்காற்று முன்னேறி வரும் எல்லைக்கு) பிறகு காற்று வடக்கிலிருந்து கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் திரும்பும். திரும்பிய பின்னும் கடல் அடங்க ஒரு நாள் விடுங்கள். 15 நாட்டுக்குக் குறைந்த தென்கிழக்குக் காற்றுதான் நல்ல வாய்ப்பு. ஆனால் அணியத்தைத் தெற்கே சாய்த்துப் போகையில் அது ஏறக்குறைய நேர் முகத்தில் அடிக்கும். இரவில் பாதி நேரம் எஞ்சின்தான் என்று கணக்கிட்டே புறப்பட வேண்டும். மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும் டீசல் எஞ்சின் வழிமுழுக்க ஓட வேண்டிவந்தால் வெஸ்ட் எண்ட் வரை 34 லிட்டர், அதன் மேல் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு.

எஞ்சின் நிற்பதும் பெரும்பாலும் நடு நீரோட்டத்தில்தான். மாதக்கணக்கில் துறையில் கிடந்த டாங்கின் அடியில் படிந்த கசடு, அலையில் குலுங்கி எழுந்து ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும். புது ஃபில்டர் இரண்டும், காற்றை வெளியேற்றும் திருகுக்குப் பொருந்தும் ஸ்பேனரும், ஒரு கிண்ணமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஃபில்டரை மாற்றியதும் திருகைத் தளர்த்தி, கை பம்பை அழுத்துங்கள். குமிழியோடு வரும் டீசல் குமிழியின்றி வந்ததும் இறுக்கிவிடலாம். துறையில் ஒருமுறை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் செய்து பழகியவருக்குப் பதினைந்து நிமிட வேலை.

சுக்கான் பிடிப்பதிலும் இரண்டு முறைகள் உண்டு. போகுமிடத்தைக் குறித்துவிட்டு, அணியம் எப்போதும் அதையே பார்க்கும்படி பிடிப்பது ஒன்று. நீரோட்டம் வடக்கே இழுக்க இழுக்கப் பாதை வில்லாக வளையும். கடைசியில் நீரோட்டத்துக்கு எதிரே தெற்கு நோக்கி ஊர்ந்து வர வேண்டியிருக்கும். மொத்த விலகலை முன்கூட்டியே கணக்கிட்டு, ஒரே திசையைக் கடைசிவரை பிடிப்பது மற்றொன்று. பாதை எஸ் வடிவில் நெளிந்தாலும் நீரில் கடக்கும் தூரம் குறைவு. இரண்டாவதே சரி. மணிக்கொருமுறை இடத்தைக் குறித்து, ஐந்து பாகைக்குள் திருத்திக்கொண்டால் போதும்.

கப்பல் நடமாட்டத்தில் பிமினி வழிதான் நெருக்கடி. மயாமியிலிருந்து உல்லாசக் கப்பல்கள் மாலையில் கிளம்பும், பயணம் முடிந்து திரும்புபவை விடியுமுன் வரும். 18 நாட் வேகக் கப்பல் 6 மைல் தள்ளித் தெரிந்தால், உங்களிடம் இருப்பது 20 நிமிடம். அருகிலுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவியின் எச்சரிக்கையை 2 மைலுக்கு வையுங்கள். பாயில் மட்டும் போகும்போதுதான் கொடிமர உச்சியின் மூவண்ண விளக்கு. எஞ்சினை இயக்கியதும் அதை அணைத்து, கீழே உள்ள பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் முன்நோக்கிய வெள்ளை விளக்கையும் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கப்பல்காரருக்கு நீங்கள் என்னவென்றே புரியாது.

இருவர் மட்டும் என்றால் மூன்று மணிக்கொரு முறை காவல் மாறலாம். காவலில் இருப்பவர் தனியாக மேலே நிற்கும் நேரமெல்லாம் ஹார்னஸ் (உடலைப் படகோடு பிணைக்கும் பட்டை) கொக்கி மாட்டியிருக்க வேண்டும்.

பஹாமாஸில் இலக்கு எக்ஸூமாஸ் தீவுகள் என்றால் ஏஞ்சல்ஃபிஷ் அல்லது கேப் ஃப்ளோரிடா. வடக்கே அபகோஸ் தீவுகள் என்றால் லேக் வொர்த். அபகோஸுக்காகப் பிமினியில் இறங்கினால் அங்கிருந்து மறுபடி வடக்கே நீண்ட ஓட்டம் காத்திருக்கிறது. முதல் இரவுப் பயணம் என்பவர்களுக்கு, படகு 5 நாட்டுக்குக் குறையாது ஓடுமானால், கேப் ஃப்ளோரிடா–பிமினியையே சொல்வோம். பிமினி வாயிலில் மிதவைகள் உண்டு. கன் கேயில் மணல்திட்டைக் கண்ணால் பார்த்தே திரும்ப வேண்டும். கிழக்கு நோக்கி நுழைவதால் காலை எட்டு மணி வெயில் கண்ணைக் கூசும். முன்னதாகவே போய்ச் சேர்ந்தால் ஆழமான நீரில் பாயைச் சுருக்கிக் காத்திருந்து, பத்து மணிக்கு உள்ளே வாருங்கள். சுங்கம், குடிவரவு முடியும்வரை மஞ்சள் கொடி பறக்கட்டும். அதுவரை படகுத் தலைவர் மட்டுமே கரையேறலாம்.