விந்தகம், எபிடிடிமிஸ் ஸ்லைடு தொகுப்பு: பிளஸ் டூ ஆய்வகத்திற்கு வாங்கலாமா?

பிளஸ் டூ விலங்கியல் ஆய்வகத்திற்காக ஆன்லைனில் வாங்கிய இந்தத் தொகுப்பில் இரண்டு நிரந்தர ஸ்லைடுகள் இருக்கின்றன. ஒன்று விந்தகத்தின் குறுக்கு வெட்டு, மற்றொன்று, விந்தகத்தை விட்டு வரும் விந்தணுக்கள் கடந்து செல்லும் சுருண்ட குழலான எபிடிடிமிஸின் குறுக்கு வெட்டு. இரண்டும் ஹிமட்டாக்ஸிலின், இயோசின் சாயமேற்றியவை. முதல் ஸ்லைடுக்காகவே இதை வாங்கலாம். இரண்டாவது ஏமாற்றம்தான்.

விந்தக ஸ்லைடை 400 மடங்கில் வைத்து, விந்தணுக்கள் உருவாகும் விந்து நுண்குழல்களில் ஒரே ஒன்றில் நிறுத்தி ஃபோகஸை மெல்லத் திருப்பினால், வெளி விளிம்பை ஒட்டி விந்து மூலச் செல்களும், அவற்றுக்கு உள்ளே நூற்கண்டு போலச் சுருண்ட குரோமோசோம்களுடன் பருத்த, பகுப்புக்குத் தயாராகும் முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்டுகளும், அதற்கும் உள்ளே விந்தணுவாக மாறவிருக்கும் சிறிய உருண்டையான ஸ்பெர்மாட்டிடுகளும், நடுத்துவாரத்தில் வால் நீட்டிய விந்தணுக்களும் அடுக்குப் பிசகாமல் தெரிகின்றன. வளரும் செல்களைத் தாங்கி ஊட்டமளிக்கும் செர்டோலி செல்களை அவற்றின் வெளிறிய உட்கருவையும் அதில் எடுப்பாகத் தெரியும் நியூக்ளியோலஸையும் வைத்து மாணவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். குழல்களுக்கு இடையில், டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்களும் கொத்தாக இருக்கின்றன.

முதல்நிலைச் செல் பிரிந்து உருவாகும் இரண்டாம்நிலை ஸ்பெர்மட்டோசைட்டைக் காணோமே என்று எந்த வகுப்பிலும் கேள்வி வரும். அதை ஸ்லைடின் குறையாகக் கொள்ள வேண்டாம். அந்தச் செல்கள் தோன்றிய வேகத்தில் அடுத்த பகுப்புக்குள் நுழைந்துவிடுவதால் வெட்டுத் துண்டில் அரிதாகவே சிக்குகின்றன. அதேபோல், பக்கத்துப் பக்கத்துக் குழல்கள் வெவ்வேறு கட்டங்களில் இருப்பதால் எல்லாவற்றிலும் முதிர்ந்த விந்தணுக்களை எதிர்பார்க்கக் கூடாது.

லேபிளில் ‘பாலூட்டி விந்தகம்’ என்று மட்டும் போட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. விந்தணுவின் தலை கொக்கி போல வளைந்திருப்பதால் இது எலி இனத்தைச் சேர்ந்தது என்பது தெரிகிறது. மனித விந்தணுவின் தலையோ நீள்வட்டமானது. எலியில் ஏறக்குறைய 52 நாட்களில் முடியும் விந்தணு உருவாக்கம் மனிதனில் ஏறத்தாழ 64 முதல் 74 நாட்கள் வரை எடுத்துக்கொள்கிறது. விற்பவர் இனத்தின் பெயரை அச்சிடாவிட்டால், மாணவர் ரெக்கார்டு நோட்டில் மனித விந்தகம் என்று எழுதிவிட்டுக் கொக்கித் தலையை வரைந்து வைப்பார்.

எபிடிடிமிஸ் ஸ்லைடில் கவர் ஸ்லிப்பின் அடியில் காற்றுக் குமிழி இருக்கிறது. துண்டும் தடிமனாக இருப்பதால் குழலின் உட்சுவரில் உள்ள நீண்ட நுண்நீட்சிகள் மங்கலாகத் தெரிகின்றன. விந்தகத்தை விட்டு வெளியேறும் விந்தணுவால் முன்னோக்கி நீந்தவோ கருவுறச் செய்யவோ இயலாது. மனிதனில் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள இந்தச் சுருண்ட குழலைக் கடக்கும் நாட்களில்தான் அது அந்தத் திறன்களைப் பெறுகிறது. பாடத்தின் பின்பாதி முழுவதும் இந்த ஸ்லைடை நம்பியே இருக்க, அதில் குழலும் அதற்குள் திரண்ட விந்தணுக் குவியலும் தவிர வேறெதையும் காட்ட முடியவில்லை.

விந்தக ஸ்லைடு தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள். வாங்குமுன், திசுவைப் பதப்படுத்தியது பூயின் கரைசலிலா ஃபார்மலினிலா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விந்தகத் திசு ஃபார்மலினில் சுருங்கி, செல் அடுக்குகளிடையே இல்லாத இடைவெளிகளைக் காட்டக்கூடும்.