'ஐசி மாத்தியாச்சு' என்றால் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

ராமநாதபுரம் மண்டபத்தில் விசைப்படகு பேட்டரி பார்க்க வைத்திருந்த மஞ்சள் டிடி-830 மல்டிமீட்டர். வோல்ட் ஏறுமாறாகக் காட்டுகிறது என்று கடையில் கொடுத்ததற்கு, "ஐசி போயிருச்சு, மாத்தியாச்சு" என்று 250 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பின்மூடியைக் கழற்றினாலே பொய் தெரிந்துவிட்டது. இந்த மலிவு மீட்டரில் ஐசி, அதாவது அளந்து காட்டும் சிப், போர்டிலேயே கருப்புப் பிசின் பொட்டுக்குள் புதைந்திருக்கிறது. கழற்றி மாட்டுகிற சாமான் இல்லை அது.

நடந்தது வேறு. உள்ளே 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தது. அது 7 வோல்ட் பக்கம் வந்தால் மீட்டர் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் 100 மில்லிவோல்ட் ரெஃபரன்ஸும் சரியும், ரீடிங் கூடுதலாகக் காட்டும். பேட்டரியை மாற்றாமல், ரீடிங்கைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகான டிரிம்மரைத் திருகிச் சரிக்கட்டிவிட்டார்கள். பிறகு புது பேட்டரி போட்டதும், 12.6 நிற்கும் படகு பேட்டரி 11.8 காட்டுகிறது. அதை நம்பிப் புது பேட்டரி வாங்கினால் போகும் பணத்துக்கு முன்னால் அந்த 250 தூசு.

டிரிம்மரில் கை வைத்திருந்தால் வோல்ட் ரேஞ்செல்லாம் ஒரே விகிதத்தில் தப்பும், ஓம்ஸ் சரியாக இருக்கும். ஓம்ஸை உள்ளிருக்கும் ரெசிஸ்டரோடு ஒப்பிட்டுத்தான் காட்டும், அந்த ரெஃபரன்ஸுக்கு அங்கே வேலையில்லை. சரிசெய்ய, புது 9 வோல்ட் போட்டு, நல்ல மீட்டர் ஒன்றையும் அதே படகு பேட்டரியில் வைத்து, இரண்டும் ஒன்றாகும்வரை மயிரிழையாகத் திருப்புங்கள்.

இதைவிட மோசம் ஃபியூஸ். கண்ணாடிக் குழாய் மேலேயே செம்பு இழை சுற்றியிருந்தது. மில்லியாம்ப் ரேஞ்சில் மறந்து படகு பேட்டரியில் ப்ரோபை வைத்தால் கரன்ட்டை அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டரும் போர்டின் செம்புத் தடமான டிராக்கும் கருகும், கையிலிருக்கும் வயரும் சுடும். மீட்டர் மேல் அச்சடித்த அளவே போடவேண்டும்: பெரும்பாலும் 200 அல்லது 500 மில்லியாம்ப், 250 வோல்ட். 10 ஆம்ப் சாக்கெட்டுக்கு ஃபியூஸே கிடையாது, அங்கே கூடுதல் கவனம்.

நம் உப்புக்காற்றில் உண்மையான பழுது பெரும்பாலும் செலக்டர் குமிழுக்கு அடியில்தான். டிராக்கில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். உப்புத்தாள் போட்டால் முலாம் போய்ச் சீக்கிரமே மறுபடி பூக்கும். குமிழைத் தூக்கும்போது இரண்டு குட்டிக் குண்டுகளும் ஸ்பிரிங்கும் தெறிக்கும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். இந்த மீட்டரில் ஒரு குண்டைக் காணோம். குமிழ் இரண்டு ரேஞ்சுக்கு நடுவே வழுக்கி நிற்கிறது.

ரிப்பேர் முடிந்து வாங்கும்போது கடையிலேயே 200 ஓம்ஸில் ப்ரோப் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், 1 ஓம் பக்கம் வரவேண்டும். புது பென்டார்ச் செல் 1.5 முதல் 1.6 காட்டவேண்டும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.