ஃபிக்ஸான் பவுடர்: எதுவரை போடலாம், எப்போது செட்டையே மாற்றணும்

மேலும் கீழுமாக முழு பல்செட் போட்டிருக்கிறவள் நான். நாகர்கோவிலில் தபால் ஆபீஸ் வேலையில் இருக்கும்போதே, 2014-ல் கட்டியது. செட் ஆடாமல் ஈறோடு பிடித்துக்கொள்ளப் போடுகிற ஃபிக்ஸான் பவுடரைப் பல வருஷமாக உபயோகிக்கிறேன். நல்ல சாமான், தாராளமாக வாங்கலாம். ஆனால் "முன்ன மாதிரி பிடிக்கலையே" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செட் கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?

முதலில் போடுகிற விதம். செட்டைக் கழுவி, தண்ணீரை உதறிவிட்டு, ஈரம் இருக்கும்போதே ஈறில் படுகிற பக்கம் சப்பாத்திப் பலகையில் மாவு தூவுகிற மாதிரி மெலிதாகத் தூவணும். கூடுதலாக விழுந்ததைத் தட்டிவிட்டு, வாயில் வைத்துச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் போதும். எச்சிலில் ஊறிப் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். கிரீமை விட எனக்கு இதுதான் சௌகரியம். ராத்திரி கழற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் போய்விடும். ஈறில் மிச்சம் இருப்பதை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். கட்டன்சாயாவைச் சூடாகக் குடித்தால் பிடிப்பு கொஞ்சம் விடும், இந்த வகைப் பவுடர் எல்லாமே அப்படித்தான்.

நன்றாகப் பொருந்துகிற செட்டுக்கு இது கூடுதல் தைரியம். கல்யாணப் பந்தியில் வாயைப் பொத்தாமல் சிரிக்கலாம். பொருந்தாத செட்டை இது பொருந்த வைக்காது.

எனக்குக் காலையில் போட்டால் ராத்திரி வரை நின்றது. அப்புறம் மத்தியானம் ஒரு தடவை, பிறகு சாப்பாட்டுக்குச் சாப்பாடு என்று ஆனது. மெடிக்கல் ஷாப் தம்பி பெரிய டப்பாவாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். பவுடர் அதேதான், மாறினது என் தாடை. பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே வரும். முதல் வருஷம் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காது. செட் போட்டவர்களை 25 வருஷம் வரை தொடர்ந்து கவனித்து டால்கிரென் என்பவர் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் நாலு மடங்கு கரைந்திருந்தது. கீழ்செட் முதலில் ஆடுவது இதனால்தான். மேலே அண்ணம் முழுக்கப் பிடிமானம் இருக்கிறது. கீழே வளைந்த ஒரு மேடுதான், அதையும் நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். எலும்பு இறங்க இறங்க விழுகிற இடைவெளியைத்தான் நாம் பவுடர் கொட்டி நிரப்பப் பார்க்கிறோம்.

டப்பா சீக்கிரம் காலியாகிறதா? செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் மேடுபள்ளம் இருக்கிறதா, வழவழவென்று ஆகிவிட்டதா? என்னுடையது மழமழவென்று இருந்தது. மரச்சீனிக்கிழங்கு நசுங்கும், மீன்துண்டு நாராகவே நிற்கும். வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, எந்நேரமும் ஈரமாக எரியும். வைட்டமின் குறைவிலும் இது வரும். ஆனால் பல் தேய்ந்துபோனால் வாயை மூடும்போது தாடை கூடுதலாக மேலேறி, ஓரத்தில் மடிப்பு விழுந்து, அதில் எச்சில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். பக்கவாட்டில் கண்ணாடி பார்த்தால் நாடி மூக்கை நோக்கி வந்திருந்தது. பேசும்போது டக் டக் என்ற சத்தம் வேறு.

பல் கட்டுவதிலேயே மேற்படிப்பு படித்த டாக்டரிடம் போனேன். வலதுபக்கக் கடைவாயில் ஒரு விரலை வைத்து அழுத்தினார், இடதுபக்கம் எழும்பியது. பல் நன்றாக இருந்து அடிப்பாகம் மட்டும் தளர்ந்திருந்தால் ரீலைன் போதும் என்றார். அதாவது உள்பக்கம் புதிதாக அக்ரிலிக் சேர்ப்பது, செலவும் குறைவு. எனக்குப் பல்லும் தேய்ந்திருந்ததால் புது செட்தான். ஐந்து வருஷம் தாண்டிய செட்டை, ஆடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவர் அளவெடுப்பதற்கு முந்தைய ராத்திரியிலிருந்தே பழைய செட்டைப் போடக்கூடாது என்றார். அழுந்திய ஈறு பழைய நிலைக்கு வந்தால்தான் அச்சு சரியாக விழும்.

பவுடர் போட்டு எதையும் மறைத்துவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். செட் உரசி வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டணும். வெற்றிலை, புகையிலை பழக்கம் இருக்கிறவர்கள் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆடுகிற செட்டை வீட்டில் அரம் வைத்துத் தேய்ப்பது, உடைந்ததைக் கடைப் பசையால் ஒட்டுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கிரீம் வாங்குகிறவர்கள் துத்தநாகம் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அப்படிப்பட்ட கிரீமை அளவுக்கு மீறி வருஷக்கணக்கில் போட்டவர்களுக்கு உடம்பில் செம்பு குறைந்து நரம்பு பாதித்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. பிடிப்பு போதாமல் அள்ளி அள்ளிப் போடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

புது செட்டுக்கும் பவுடர் வைத்திருக்கிறேன். கீழ்செட்டுக்கு மட்டும், அதுவும் வெளியூர் போகும்போது. சின்ன டப்பா வாங்கினால் போதும். பழைய செட் தண்ணீர்க் கிண்ணத்தில் பத்திரமாக இருக்கிறது. புதுசு கீழே விழுந்து ரிப்பேருக்குப் போனால் அந்த ஓரிரு நாள் சமாளிக்க ஆகும்.