காட்டுத்தீ: வார்னிங்கிலேயே கிளம்புவதா, ஆர்டர் வரட்டும் என்று இருப்பதா?

கலிஃபோர்னியாவில் தீ நெருங்கும்போது இரண்டு விதமான அறிவிப்பு வரும். 'வார்னிங்' என்றால் ஆபத்து வரக்கூடும், தயாராக இருங்கள் என்று பொருள். 'ஆர்டர்' என்றால் உயிருக்கே ஆபத்து, உடனே வெளியேற வேண்டும். பிராணிகள் வளர்ப்பவர்களும் கிளம்பக் கூடுதல் நேரம் பிடிப்பவர்களும் வார்னிங்கிலேயே போய்விட வேண்டும் என்பதுதான் அதிகாரிகளின் அறிவுரை. பலர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆர்டருக்காகக் காத்திருப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வார்னிங் வந்து ஒன்றுமே நடக்காமல் போவதும் உண்டு. ஹோட்டல் செலவு, லீவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எல்லாம் இடிக்கும். ஆனால் ஆர்டர் சரியான நேரத்துக்கு வந்துவிடும் என்று நம்பித்தானே இந்தக் கணக்கைப் போடுகிறோம்? 2025 ஜனவரி 7 மாலை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் ஈட்டன் தீ மூண்டது. அது எரித்த ஆல்டடீனா என்ற ஊரின் மேற்குப் பகுதிக்கு ஆர்டர் வந்தது மறுநாள் அதிகாலை 3 மணிக்கு மேல்தான். அந்தத் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியில் இருந்தவர்கள். அதே ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் பசிஃபிக் பாலிசேட்ஸ் பகுதியில் மூண்ட வேறொரு தீயில், நெரிசலில் சிக்கியவர்கள் காரை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். தீயணைப்பு வண்டிகளுக்கு வழிவிட அந்தக் கார்களை புல்டோசரால் ஒதுக்க வேண்டியிருந்தது. கையில் பூனைக் கூடையோடு அப்படி ஓட வேண்டிவந்தால்? என் மனசில் இதற்கு மேல் விவாதமே இல்லை: பிராணி இருக்கும் வீடு வார்னிங்கிலேயே கிளம்ப வேண்டும்.

பூனையை எதில் கொண்டுபோவது என்பதில்தான் அதிக நேரம் விரயமாகும். துணிப்பை மடித்து வைக்கச் சுலபம், விலையும் குறைவு. மிரண்ட பூனை ஜிப்பைப் பிராண்டித் திறந்துவிடும். மேல்பக்கமும் திறக்கிற கெட்டி பிளாஸ்டிக் கூடையே மேல். வாசல் மேலே பார்க்கும்படி அதை நிமிர்த்தி வைத்து, பின்னங்கால்கள் முதலில் போகிற மாதிரி பூனையை இறக்கினால் அது காலை அகட்டி முரண்டு பிடிக்க இடமிருக்காது. தீ சீசன் முழுக்க அந்தக் கூடை, பூனை படுத்துப் பழகிய துண்டோடு, கதவு திறந்தபடி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பரணில் இருந்து இறங்கும் கூடையைப் பார்த்ததுமே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். கூடையே இல்லாத நேரத்தில் தலையணை உறையும் உதவும், கார் வரைக்கும்தான்.

பிராணி தொலைந்தால் அடையாளம் காட்ட, தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப்பா, போன் நம்பர் பொறித்த கழுத்துப் பட்டை வில்லையா? சிப் கழன்று விழாது, ஆனால் படிக்க ஸ்கேனர் வேண்டும், பதிவில் உங்கள் பழைய நம்பர் இருந்தால் பயனும் இல்லை. வில்லையைத் தெருவில் யாரும் படிக்கலாம். இரண்டும் வேண்டும், இன்றைக்கே முடிவது வில்லை.

தங்குமிடத்தை முன்பே பேசி வையுங்கள். செஞ்சிலுவைச் சங்க முகாம்களில் பொதுவாக மனிதர்கள் தூங்கும் இடத்தில் பிராணிகளை அனுமதிப்பதில்லை. ஈட்டன் தீயின்போது நூற்றுக்கணக்கான பிராணிகளை பசடீனா ஹியூமேன் காப்பகம் ஏற்றுப் பராமரித்தது. பெரிய உதவி, ஆனால் நீங்கள் ஓரிடம், நாய் ஓரிடம். பிராணிகளைச் சேர்க்கும் ஹோட்டலில் சேர்ந்தே இருக்கலாம், அறை சீக்கிரம் தீர்ந்துவிடும். எனக்குப் பிடித்தது முப்பது நாற்பது மைல் தள்ளி இருக்கும் நண்பர் வீடு. வீட்டில் யாருக்காவது நாய் என்றால் ஒவ்வாமையா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட், பிரஷர் மாத்திரை, மருந்துச் சீட்டு எல்லாம் பெட்டியின் அடியில் இல்லாமல் கிளம்பும் பையில் இருக்கட்டும். போனில் எடுத்த படம் கூடுதல் காப்பு, அசலுக்கு மாற்று இல்லை.

பலத்த காற்றில் மின்கம்பியால் தீ மூளாமலிருக்க மின்சார நிறுவனங்களே கரண்டை நிறுத்துவதுண்டு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் காற்று எச்சரிக்கை வந்ததுமே சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். பெட்ரோல் காரில் பாதி டேங்குக்குக் கீழே விடக்கூடாது. கராஜ் கதவை மோட்டார் இல்லாமல் கையால் தூக்க ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும் அதை ஒருமுறை இழுத்து, கதவைத் தூக்கிப் பார்க்க வேண்டும். 2017 தீக்களில் கதவு திறக்காமல் உயிரிழப்பு நேர்ந்த பிறகுதான், புதிய தானியங்கிக் கதவுகளில் கரண்ட் போனாலும் திறக்க பேட்டரி இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டமே போட்டது.