சேலத்தில் மாடி எடுக்கப் போய், பட்டாவில் நின்றோம்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை விடுப்பில் வந்தது, அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டைப் பழுதுபார்த்து மேலே ஓர் அறை எடுக்க. "நம் இடத்தில் நாம் கட்ட யாரைக் கேட்க வேண்டும்?" என்றார் சித்தப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மனுக் கொடுத்தால் அலுவலகத்துக்கு நடக்கப் போவது அம்மாதான்.

மேஸ்திரி அழைத்துவந்த பதிவுபெற்ற பொறியாளர் முதலில் வேலையை இரண்டாகப் பிரித்தார். பூச்சு, வெள்ளையடிப்பு, டைல்ஸ் மாற்றுவது, உள்ளே தடுப்பு வைப்பது ஆகியவற்றுக்கு அனுமதி தேவையில்லை. பரப்பு கூடினாலோ, மேலே தளம் ஏறினாலோ வரைபட அனுமதி வேண்டும். இவற்றுக்கு அடிப்படை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுச் சுவரை இடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். புது வீட்டின் குளியலறை டைல்ஸை மூன்று ஆண்டுகள் தொட முடியாது. ஊரில் உள்வேலைக்கு இவ்வளவு இடம் தந்திருப்பது நல்ல ஏற்பாடு.

புதிதாக வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், அதிகபட்சம் தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், இணையத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். தரகர் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் தடை வேறு இடத்தில் இருந்தது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது! உரிமையைக் காட்டாமல் விண்ணப்பம் நகராது. வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாறுதல், அதற்குப் பிறகே வரைபடம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பலருடைய குடும்ப வீட்டிலும் இதே நிலைதான் என்று பொறியாளர் சொன்னார். எனவே டிக்கெட் எடுக்கும் முன்பே பட்டாவில் யார் பெயர் என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். நான் ஊரில் இருந்ததால், என் சார்பில் அம்மா கையெழுத்திடுவதற்கான பொது அதிகார ஆவணத்தை இங்கேயே பதிவுசெய்தேன். கனடாவில் இருக்கும் தங்கை தன் ஆவணத்துக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். சேர்வராயன் மலைக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகின்றன. அங்கே மண்ணை வெட்டும் முன்பே விசாரியுங்கள்.

டைல்ஸ் வேலையை மேஸ்திரி தொடங்கிவிட்டார். மாடி அறை பட்டா மாறிய பிறகுதான்.